ஒரு நூல் விட்டு வெட்டவும்

“என்னங்க, மறுபடியும் நனையுது.”

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி இதைச் சொன்னபோது தையல்காரருக்குப் பகீரென்றது. பெரிய டாக்டர் அப்போதுதான் வார்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். வெட்டி எடுத்த குடலைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு என்னவென்று இன்றைக்காவது கேட்டே தீருவது என்று தையல்காரர் விடிந்ததிலிருந்து மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வாளியைத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்கு ஓட வேண்டியதாயிற்று.

கட்டிலடியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா, “இன்னிக்கும் துணி மாத்தணுமா?” என்று முணுமுணுத்தாள்.

அவர் திரும்பி வருவதற்குள் டாக்டர் அடுத்த வார்டுக்குப் போயிருந்தார்.

“என்ன சொன்னாரு?”

“எல்லாம் நல்லபடியா இருக்காம். பை ஒழுகாம ஒட்டக் கத்துக்கிட்டா வீட்டுக்குப் போகலாமாம்.”

ஆபரேஷனில் அவளுடைய குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்து, சின்ன வாய் மாதிரி மடித்துத் தைத்திருந்தார்கள். இனிமேல் கழிவெல்லாம் அந்த வழியாகத்தான். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். நோயாளியே கற்றுக்கொள்வதுதான் முறை. ஆனால், முதல் நாள் பாடம் நடத்த வந்த நர்ஸிடம் அவள் எடுத்த எடுப்பிலேயே கையை விரித்துவிட்டாள்.

“அதைப் பார்த்தாலே எனக்கு மயக்கம் வருது சிஸ்டர். அவருக்கே சொல்லிக்குடுங்க. வெட்டுறதும் ஒட்டுறதும்தானே, அவருக்குப் பழகின வேலை.”

தையல்காரர் துணியை விலக்கிப் பார்த்தார். சிவந்து ஈரமாக இருந்த அந்த வாயைக் கண்டதும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவள் பயந்துவிடுவாள். அதனால், “காஜா நல்லாத்தான் போட்டிருக்காங்க” என்றார்.

“பையோட ஒட்டுற வளையத்துல ஓட்டை வெட்டணும்” என்றாள் நர்ஸ். “வாயோட அளவைவிட, உங்க டேப் கணக்குல ஒரு நூல்தான் கூட இருக்கணும். வெந்நீர்ல கழுவி, ஈரம் போகத் துடைச்சு, கீழேருந்து மேலே ஒட்டணும்.”

இதென்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டார் அவர். அந்த நினைப்புக்கு ஆயுசு கம்மி. சாயங்காலமே பை ஒழுகி, சுற்றியிருந்த தோல் தீய்ந்ததுபோல் சிவந்துவிட்டது.

நர்ஸ் வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள். “என்னங்க இது, இவ்வளவு பெருசா வெட்டி வச்சிருக்கீங்க?”

“ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கைம்மா. வளர்ற பிள்ளைங்க, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு கொஞ்சம் தாராளமா விடுவேன்.”

“இது வளராதுங்க. நாளாக ஆகச் சுருங்கும்.”

சுருங்குகிற உடம்புக்கு அவர் அதிகம் தைத்ததில்லை. மனைவியின் ரவிக்கைகளைத்தான் கொஞ்ச நாளாகப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை இறுக்கி வெட்டினார். விளிம்பு உரசி ரத்தம் கசிந்தது. நர்ஸ் வைத வசவில் பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“கையிடுக்குல வச்சு லேசா சூடுபடுத்தி ஒட்டுங்க, நல்லாப் பிடிக்கும்” என்று ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனாள். மனுஷர் அதோடு நிற்கவில்லை. கைச்சூடு எந்த மூலைக்கு என்று கடையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்து சுவிட்சைப் போட்டார். வளையம் உருகி இஸ்திரிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. படாரென்று ஃபியூஸ் போய், வார்டில் இருந்த மின்விசிறியெல்லாம் நின்றது. வாட்ச்மேன் வந்து இஸ்திரிப் பெட்டியைப் பறிமுதல் செய்து, குற்றவாளியைப் போல அதை வயரோடு இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்குத்தான் மனைவி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“சிரிக்க வைக்காதீங்க. தையல் பிரிஞ்சிடும்.”

“பிரிஞ்சா என்ன? நான் எதுக்கு இருக்கேன்?”

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கடையில் பாதியில் நிற்கும் சட்டைகளைப் பற்றி விசாரித்தாள்.

அப்புறம் அவர் அடங்கி ஒடுங்கிக் கற்றுக்கொண்டார். காகிதத்தில் அளவெடுத்து வெட்டிப் பழகினார். கொசுவலைத் துணியைத் தொடுவது போல அவள் தோலைத் தொட்டுத் துடைத்தார். ஒரு நாள் நர்ஸ் குனிந்து சுற்றிலும் விரலால் நீவிப் பார்த்துவிட்டு, “இனிமே நான் ஒட்டினாக்கூட இப்படி ஒட்ட மாட்டேன்” என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் பை அசையவில்லை. ராத்திரி புரண்டு படுத்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மறுநாள் காலையில் அவர் தலையை வாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேள்வியோடு தயாராக நின்றார். பெரிய டாக்டர் வாசலில் தெரிந்தார்.

“என்னங்க, நனையுது.”

தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினார். அதற்கு அடுத்த நாளும் இதே கூத்து. ராத்திரியெல்லாம் கல்லு மாதிரி நிற்கிற பைக்கு டாக்டரைக் கண்டால் மட்டும் என்ன வந்துவிடுகிறது? முன்ஜென்மப் பகை போலிருக்கிறது என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் புலம்பினார். டாக்டர் அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தோளில் தட்டிவிட்டுப் போனார். பாவம், பெரிய மனுஷர், நம்முடைய விடாமுயற்சியைப் பாராட்டுகிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

“இன்னிக்கு என்ன சொன்னாரு?”

“அதேதாங்க. நல்லபடியா இருக்காம். நாளைக்கு வீட்டுக்குப் போகலாமாம்.”

“பை இப்படி ஒழுகுறப்போவா?”

“வீட்டுக்குப் போனா ஒழுகாது” என்றாள் அவள். அதை அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாள் என்று அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

அழுக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். துவைக்கும் தொட்டியருகே ஆயா நின்றிருந்தாள். துணியை அவள் கையில் கொடுக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க ஆயா. எவ்வளவு பார்த்து வெட்டினாலும் எங்கேயோ தப்புப் பண்றேன். எனக்கு இன்னும் கை படியல.”

ஆயா துணியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, அவரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

“உங்க கையில ஒரு தப்பும் இல்ல சாமி, டாக்டர் தலை தெரிஞ்சதும் அந்தம்மாவே ஓரத்தைப் பிரிச்சு விட்டுட்டு உங்களை வெந்நீருக்கு அனுப்பிடுறாங்க, அவர் சொல்றது உங்க காதுல விழுந்துடக் கூடாதாம்.”