பன்னிரண்டாவது படம்

ஜவ்வாது மலையில் கரடிக்குப் பயப்படாத ஆட்கள் உண்டு. கிளிக் அண்ணனின் கேமராவுக்குப் பயப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை. ஜமுனாமரத்தூர் புளி மண்டியில் எடை போடுகிறவர். கழுத்தில் எந்நேரமும் பெட்டிக் கேமரா தொங்கும். ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஒன்றையும் வீணாக்க மாட்டார். ஒரு கல்யாணத்தில், தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளையை, "அப்பிடியே நில்லுய்யா, வெயில் வரட்டும்" என்று நிறுத்திவிட்டார். மேகம் விலகுவதற்குள் முகூர்த்தம் விலகிவிட்டது. பெண்ணின் அப்பா அரிவாளைத் தேடினார். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று அவரையும் கேமராவுக்குள் பார்த்தார் அண்ணன்.

இவரிடம்தான் என் தலையெழுத்து மாட்டியது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆசிரியர் பயிற்சி விண்ணப்பத்தை நேரில் கொடுக்க மறுநாள் கடைசி. ஒட்டுவதற்குப் போட்டோ இல்லை. மத்தியானம் அண்ணன் என்னை மண்டிச் சுவரோரம் நிறுத்தி எடுத்தார். கழுவுவதற்குப் போளூர் ஸ்டுடியோ. மலையிறங்க நான்கு மணி பஸ் ஒன்றுதான்.

கேமராவின் முதுகில், எத்தனையாவது படம் என்று காட்டும் சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தார். "ஒம்போதுதான் ஆச்சு. இன்னும் மூணு கீது. ரோலு முடியாம கழட்ட மாட்டேன்."

"சும்மா சுத்தி வுட்டுடுங்கண்ணே!"

பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ளச் சொன்னதுபோலப் பார்த்தார். "இன்னாடா பேசற? படம்னா அதுல ஒரு மொகம் வேணும்."

முகம் தேடி அலைந்தோம். புளி மூட்டைமேல் நின்ற ஆடு அண்ணனுக்குப் பிடித்தது. வெயிலுக்குக் காத்திருந்தார். வெயில் வந்தது, ஆடு போய்விட்டது. துரத்திப் பிடித்து நானே மூட்டைமேல் ஏற்றினேன். பத்து.

சாமை மூட்டையோடு என் அப்பா வந்தார்.

"சிரிங்க சித்தப்பா."

"இன்னாத்துக்கு? பையன் வூட்ட வுட்டு கீழ போறான்."

"அந்த மூஞ்சியே போதும்." பதினொன்று.

அதற்குமேல் எதைக் காட்டினாலும் பிடிக்கவில்லை. மண்டி முதலாளி? "அது மொகமா?" பஸ் வந்தேவிட்டது. ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏறு, இல்ல எறங்கு!" கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நகர்ந்தது.

"அண்ணே! போச்சுண்ணே!"

நிமிர்ந்து பார்த்தார். ஓட ஆரம்பித்தார். ஓடிக்கொண்டே கண்ணை இறுக மூடி, கேமராவைத் தரைப்பக்கம் சாய்த்து, ஒரு கிளிக். குறுக்கே வந்து பஸ்ஸை மறித்தார்.

"இன்னாய்யா, பைத்தியமா நீ?"

கண்டக்டரை அண்ணன் காதில் வாங்கவில்லை. வேட்டி மறைவில் ரோலைக் கழற்றி, ஒட்டுக் காகிதத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, என் கையில் திணித்தார்.

"வெளிச்சத்துல பிரிக்காத. போடா!"

மறுநாள் விடிந்ததும் ஸ்டுடியோக்காரர் என் முகத்தை வெட்டிக் கொடுத்தார். விண்ணப்பம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டாவதை மட்டும், "இது வேஸ்டு தம்பி" என்று ஒதுக்கினார். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புழுதி. ஓடுகிற இரண்டு கால்கள். ஒன்றில்தான் செருப்பு.

கிளிக் அண்ணனை யாரும் படம் எடுத்ததில்லை. என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற அவர் படம் இதுதான்.