சட்டப்படி போட்ட ஓட்டை

விதியை மீறியவனை இந்த உலகம் என்றைக்காவது ஒரு நாள் மன்னித்துவிடும். விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவனை மட்டும் சாகும்வரை விடாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்து, வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்.

என் மகள் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வெளியிலிருந்து வாங்கும் சாமான்களைச் சோதித்துப் பார்த்து, தரமாக இருந்தால்தான் உள்ளே விடவேண்டும். அதுதான் அவள் உத்தியோகம். அதற்குக் குளுகுளு அறை உண்டு, வெள்ளைக் கோட்டு உண்டு, வருஷக் கடைசியில் போனஸ்கூட உண்டு. இதே வேலையை, வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க இங்கே போட்ட அவசரகாலத்தில், புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஓர் ஆணியையும் ஒரு சுத்தியலையும் வைத்துக்கொண்டு நான் செய்தேன். எனக்குக் கிடைத்தது என்ன என்று கேளுங்கள்.

அப்போது நான் தோட்டத்து ஸ்டோரில் சின்ன கிராணி. (கிராணி என்றதும் பெரிய அதிகாரி என்று எண்ணவேண்டாம். மூட்டையை எண்ணிக் கணக்கு எழுதுகிறவனுக்கும் அந்தப் பெயர்தான்.) அதிலும் நான் தற்காலிகம். வேலை எப்படியாவது நிரந்தரமாகவேண்டும் என்று நான் தவம் கிடந்தது சம்பளத்துக்காக அல்ல, அஞ்சலைக்காக. மரம் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கும் மண்டோர் கோவிந்தனுடைய மகள் அவள். அவளும் மரம் வெட்டப் போகிறவள்தான். (ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பது அல்ல, பட்டையைக் கீறிப் பால் எடுப்பது.) மண்டோர் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"வேல நெரந்தரமாச்சுன்னா மாரியம்மன் திருவிழா அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம் தம்பி. இல்லாட்டி லுக்குட்டுல என் அக்கா மவன் இருக்கான். லோரி ஓட்டுறான்லா."

அந்த லோரிக்காரனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் லோரிச் சத்தம் கேட்டாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கைச் சோறும் போகக்கூடாது என்று அரசாங்கம் முடிவு கட்டியிருந்த நேரம் அது. தோட்டத்துச் சனங்கள் எல்லாரும் முள்கம்பி வேலிக்குள். மரம் வெட்டப் போகிறவர்கள் சாப்பாடு எடுத்துக்கொண்டு வெளியே போகமுடியாது. வாசலில் நிறுத்தி, வாளியைக் கவிழ்த்து, முந்தானையை உதறச் சொல்லிப் பார்ப்பார்கள். விடியற்காலையில் போன பெண்கள் மத்தியானம் வெறும் வயிற்றோடு கண் இருண்டு திரும்பி வருவார்கள். அஞ்சலை ஒரு நாள் வாசலிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வரும். சண்டை போட்டவர்கள் இரண்டு பக்கத்து ஆட்கள். பட்டினி கிடந்தது மட்டும் எங்கள் சனம்.

டின் சாமானுக்கும் ஒரு சட்டம் இருந்தது. சார்டினோ டின்பாலோ, ஆள் கையில் கொடுக்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். ஓட்டை விழுந்தால் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டில் பதுக்கி வைக்கமுடியாது. ஓட்டை போடும் பொறுப்பு ஸ்டோருக்கு. ஸ்டோர் என்றால் நான்.

இது போதாதென்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இன்னொரு பொறுப்பையும் என் தலையில் கட்டினார். சிரம்பான் கடையிலிருந்து வந்த சார்டினில் ஒரு பெட்டி முழுக்க உப்பிப்போன டின்கள். அதைத் தின்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதிப் பேருக்கு வயிறு கலங்கி, மறுநாள் மரம் வெட்ட ஆள் இல்லை. துரைக்குச் சனங்களின் வயிற்றைவிட வெட்டாத மரம்தான் வலித்தது. என்னைக் கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் உத்தரவு போட்டார்.

"கிராணி, நல்ல சாமான் மட்டும் உள்ளே வரணும். கெட்டுப்போன சாமான் குழியிலே போடு. நீ பார்க்காம ஒண்ணும் உள்ளே வரக்கூடாது. தெரியுதா?"

"தெரியுது துரை," என்றேன்.

பெரிய கிராணி பக்கத்தில் நின்று மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். உப்பிய டின்னைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டேன். "ஓட்டை போட்டா உஸ்ஸுன்னு சத்தம் வரும்லா, அதான் கெட்டுப்போனது," என்றார். அவ்வளவுதான் பயிற்சி. இந்த வாக்கியத்தைத் தான் சொல்லவே இல்லை என்று பிற்பாடு அவர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு சரக்கு வந்தது. தோட்டத்துக்கே பாயசம் காய்ச்ச டின்பால், விளக்குக்கும் முந்திரி வறுக்கவும் நெய், கூடவே துரை பங்களாவுக்கு வேண்டிய சாமான்கள். திருவிழாவுக்கென்று போலீஸ் தனி அனுமதி கொடுத்திருந்தது. வழியில் நல்ல மழை. டின்களில் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஊறி உரிந்துபோய், எது என்னவென்று தெரியாமல் மொட்டையாக வந்து இறங்கின.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. வரும்போது சோதிக்கவேண்டும், போகும்போது ஓட்டை போடவேண்டும். இரண்டுக்கும் ஒரே ஆணி. பிறகு எதற்கு இரண்டு வேலை? வரும்போதே ஓட்டை போட்டு முகர்ந்து பார்த்துவிட்டால் தரமும் தெரிந்துபோகும், சட்டமும் நிறைவேறிவிடும். இப்படி ஒரு யோசனை அதுவரை எந்தக் கிராணிக்கும் தோன்றியதில்லை. (ஏன் தோன்றவில்லை என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.)

ஒரு டின் விடவில்லை. ஆணியை வைத்து ஒரு தட்டு, மூக்கை வைத்து ஓர் இழுப்பு. பால் நல்ல பால். நெய் மணத்தது. பங்களா பெட்டியிலிருந்த நீளமான டின்களைத் தட்டியபோதுதான் "உஸ்ஸ்" என்றது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே ஏதோ உருண்டது. ரம்புத்தான் பழ டின், புளித்துப் பொங்கிவிட்டது என்று தீர்மானித்தேன். அடுத்து வட்ட டின்கள். அவையும் உஸ்ஸென்றன. சிரம்பான் கடைக்காரன் துரையையே ஏமாற்றப் பார்த்திருக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உத்தரவுப்படி அத்தனையையும் கொண்டுபோய் வேலியோரம் குழி வெட்டிப் புதைத்தேன். அன்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஸ்டோரைத் திறந்தால் தரை நகர்கிறது. எறும்பு. பால் டின் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர்வலம். திருவிழாவே எனக்கு முன்னால் அங்கே தொடங்கியிருந்தது.

மத்தியானம் வேலை முடிந்து வாளியோடு திரும்பிய அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாத்துலயும் ஏன் ஓட்ட போட்டீங்க?"

"சட்டம்."

"குடுக்கறப்பதான போடணும்?"

"எப்பவா இருந்தாலும் போடத்தான வேணும்?"

லோரிக்காரனைப் பற்றி அவள் அப்போது யோசித்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. பிறகு போய் வாளியின் அடியில் மிஞ்சியிருந்த மரப்பாலைக் கொண்டுவந்தாள். எறும்பைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டு. மரப்பால் காய்ந்தால் ரப்பர். ஓட்டை இருந்த இடமே தெரியாமல் கச்சிதமாக அடைந்துகொண்டது. தோட்டத்தில் குடத்து ஓட்டை, கூரை ஓட்டை எல்லாவற்றையும் அப்படித்தான் அடைப்போம். பாயசம் தப்பித்தது, வேலை தப்பித்தது, அஞ்சலையும் லோரிக்காரனிடமிருந்து தப்பித்தாள் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். அனுமதி கொடுத்த சரக்கைப் பார்க்கவேண்டுமாம். கூடவே துரை, பெரிய கிராணி, மண்டோர். இன்ஸ்பெக்டர் ஒரு பால் டின்னை எடுத்து, மேலே விரலை வைத்துத் தடவினார். ரப்பரைப் பிய்த்தார். உள்ளே ஓட்டை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் ரப்பர், அதிலும் ஓட்டை.

அவர் முகம் மாறியது. ஓட்டை போட்ட டின்னை யாருக்குத் திரும்ப அடைக்கத் தோன்றும்? காட்டுக்கு அனுப்புகிறவனுக்குத்தான். அந்தக் காலத்தில் இதற்கு விசாரணை, வாய்தா என்று இழுக்கமாட்டார்கள். பிடித்துக்கொண்டு போய் முகாமில் அடைப்பார்கள். அல்லது கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்கள். (நான் சிரம்பான் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். இந்தியாவில் எந்தத் துறைமுகத்தில் இறங்கி யாரைத் தேடுவேன்?)

"அடைத்தது யார்?" என்று இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார்.

ஸ்டோர் வாசலில் அஞ்சலை நின்றிருந்தாள். வாயைத் திறக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன். "நான்தான், துவான்." (துவான் என்றால் மலாயில் ஐயா.) என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வேறு ஏதாவது பதுக்கி வைத்திருக்கிறாயா?"

"பதுக்கல துவான். வேலியோரம் கொஞ்சம் புதைச்சுதான் வெச்சிருக்கேன்."

நேர்மையாகப் பதில் சொன்னால் இந்த நாட்டில் கையில் விலங்குதான் விழும். இன்ஸ்பெக்டரோடு வந்த போலீஸ்காரன் குழியைத் தோண்டினான். மரம் வெட்டப் போன மற்றவர்களும் திரும்பி வந்து வேலியோரம் கூடிவிட்டார்கள். முதலில் வட்ட டின்கள் வந்தன. இன்ஸ்பெக்டர் உடைத்தார். உள்ளே வரிசையாகச் சிகரெட், மண் ஈரத்தில் ஊதிப்போய். (புத்தம்புது சிகரெட் டின்னும் திறந்தால் உஸ்ஸென்னும் என்று எனக்கு யார் சொன்னது?) காட்டுக்குச் சிகரெட் கடத்தல் என்ற குற்றமும் சேர்ந்தது. மண்டோர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து நீள டின். அதை உடைத்ததும் வெள்ளைப் பந்துகள் உருண்டு துரையின் பூட்ஸ் பக்கத்தில் போய் நின்றன.

துரை ஒன்றைக் குனிந்து எடுத்தார். தரையில் தட்டினார். அது எழும்பவில்லை.

"கிராணி. என் டென்னிஸ் பந்து."

"கெட்டுப்போயிருந்துச்சு துரை. உஸ்ஸுன்னுச்சு."

துரையின் கழுத்து முதலில் சிவந்தது, பிறகு காது. என்னை அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினார். பேசப் பேச இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. யாரும் கேட்காமலேயே பெரிய கிராணி அதை ஒரு சொல் விடாமல் தமிழாக்கி, வேலியோரம் நின்ற அத்தனை சனத்துக்கும் உரக்கச் சொன்னார்.

"துரை என்னா சொல்றாருன்னா, இந்தப் பையன் கம்யூனிஸ்டா இருக்க முடியாதாம். கம்யூனிஸ்டுக்கு அறிவு உண்டாம். டென்னிஸ் பந்த மொகந்து பாத்துப் பொதச்சவன் முட்டாளாத்தான் இருக்கணுமாம். இவன காட்டுக்கு அனுப்புனா கம்யூனிஸ்ட் கட்சியே நாசமாப் போயிரும், அது நமக்கு லாபம்தான், ஆனா பாவம்ங்கறாரு."

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றினார். நாட்டுக்கே அவசரகாலம், எவ்வளவோ பேர் உண்மையைச் சொல்லியும் உள்ளே போனார்கள். நான் முட்டாள் என்று ஊரறிய நிரூபணம் ஆனதால் வெளியே வந்தேன். இதற்கு நான் நன்றி சொல்லவேண்டும் என்று பெரிய கிராணி வேறு என் முதுகைத் தள்ளினார்.

ஆனால் ஓட்டை டின்னை ஸ்டோரில் வைக்கக்கூடாது, இன்றைக்கே காலி செய்யவேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். உடனே அண்டா ஏறியது. வெறும் வயிற்றோடு திரும்பியிருந்த சனம் அப்படியே வரிசையில் உட்கார்ந்தது. அம்மனுக்கு ஒரு கிண்ணம் காட்டிவிட்டு, எல்லாரும் ஆசை தீரக் குடித்தார்கள். வாசலில் அவ்வளவு நாள் கூசிக்கூசி முந்தானையை உதறிக் காட்டிய பெண்கள், அன்று இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அஞ்சலை குடித்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அந்த நன்றியாவது இருந்ததா? மறுநாள் திருவிழாவில் அதே வாய்கள் "பாயசம் இல்லாத திருவிழா உண்டா? எல்லாம் அந்த ஓட்டைக் கிராணியால வந்தது," என்றன. முந்தின நாள் குடித்தது அவர்களுக்குக் கணக்கில்லை. என் வேலை நிரந்தரமாகவில்லை. டின்னே இல்லாத இடமாகப் பார்த்து, மரப்பால் நிறுக்கும் கொட்டகையில் போட்டார்கள்.

சாயந்திரம் மண்டோர் வந்தார். லோரிக்காரன் கதையைச் சொல்லத்தான் வருகிறார் என்று நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யார் அடச்சதுன்னு எம்மவ எல்லாத்தையும் சொல்லிட்டா," என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "கம்யூனிஸ்டுக்குப் பொண்ணு குடுக்க நான் பயந்தேன்தான். முட்டாளுக்குக் குடுக்க மாட்டேன்னு எப்பவும் சொல்லலலா."

அஞ்சலை என் வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. தோட்டம் போய் அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது, துரை எந்த ஊரில் எந்தப் பந்தை அடித்தாரோ தெரியாது. தீபாவளிக்கு யார் பிஸ்கட் டின் கொண்டுவந்தாலும், அஞ்சலை அதன் தலைமேல் ஓர் ஆணியை வைத்து என் முன்னால் நீட்டுவாள். பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். மகள் வேறு, "அப்பா, பெட்டிக்கு ஒண்ணு எடுத்துப் பாத்தா போதும், அத்தனையும் ஒடைக்கக்கூடாது," என்று தன் தொழில் பாடத்தை எனக்கு எடுப்பாள். அன்றைக்கு ஒருவனாவது இதைச் சொன்னானா?

போன தீபாவளிக்கு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவ்ளோ பெரிய முட்டாளுன்னா என்னத்துக்குக் கட்டிக்கிட்ட?" என்று எல்லார் முன்னாலும் அஞ்சலையைக் கேட்டேன்.

அவள் ஆணியை எடுத்துவிட்டு டின்னைத் திறந்தாள். "நாந்தான் அடச்சேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்கல்ல," என்று சொல்லி, முதல் பிஸ்கட்டை என் கையில் வைத்தாள்.

பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் பிஸ்கட்டை வாயில் போடுமுன், பழக்கதோஷம், ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், மறுபடியும் வீடே சிரித்தது.