மலையாளம் பேசிய கிதார்

துளைக்கும் கம்பியின் முனை கிதாரின் விலாவைத் தொட்டதும் யேசுவடியான் கண்களை மூடிக்கொண்டார்.

"மெல்ல எலே. எங்க அப்பன் கொழும்புலேருந்து மடியில வச்சுக் கொண்டு வந்ததாக்கும்."

"வயர் வெளிய வரணும்னா துளை வேணும் அண்ணே," என்றான் ராஜப்பன். பாறசாலையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அவன் சட்டைப்பையில் பழைய டெலிபோன் ஒன்றின் காது வில்லை இருந்தது. அதைக் கிதாரின் வயிற்றுக்குள் மெழுகு வைத்து ஒட்டி, வயரை மைக் செட்டில் சொருகினால் வாசிப்பது நாலு ஊருக்குக் கேட்கும் என்று சொல்லியிருந்தான்.

கேட்டுத்தான் ஆகவேண்டும். மலையாளச் சீமையின் தென் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லிப் போன மாதம் குளத்தூரில் நடந்த கூட்டத்தில், யேசுவடியான் கிதாரில் தமிழ் வாழ்த்து வாசித்தார். முன்வரிசையில் ஒருவன் பக்கத்து ஆளிடம், "அந்த மனுசன் எதுக்கு இவ்வளவு நேரமா வயித்தச் சொறியுதாரு?" என்று கேட்டான். அது மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அடுத்த முறையும் இப்படியென்றால் அந்த இடம் நாதஸ்வரக்காரருக்குத்தான் என்று கமிட்டித் தலைவர் தாணுமாலயன் சொல்லிவிட்டார்.

யேசுவடியானின் குடும்ப மானத்துக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, அவருடைய மீசை. அதன் கீழே உதடு இருப்பதை யாரும் பார்த்ததில்லை. மற்றது, வீட்டுக்குள் ஒரு மலையாளச் சொல் நுழையக்கூடாது என்ற சட்டம். மலையாளம் பேசும் பூவாரிலிருந்து அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மேரிக்குட்டி, வந்த அன்றைக்கே "வெள்ளம் வேணோ?" என்று கேட்டுவிட்டாள். அன்று பொழுது சாயும்வரை அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

முற்றத்துப் பலாமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். யேசுவடியான் கிதார்மேல் கவிழ்ந்து, மீசை மரத்தில் உரச, தந்தியைத் தட்டினார். பலா இலைகள் நடுங்கின. நாதத்துக்கு அடியில், மூக்கடைத்தது போல ஒரு குரலும் வந்தது.

"ஈ மரத்தலையனு ஒந்நும் அறிஞ்ஞூடா..."

அவர் விரல் நின்றது. குரலும் நின்றது.

"யாருலே அது, ஒண்ணும் தெரியாத மரமண்டைன்னு மலையாளத்துல ஏசுதது?"

ராஜப்பன் தலையைச் சொறிந்தான். "ரேடியோவாக்கும் அண்ணே. வயர் நீளமா இருந்தா திருவனந்தபுரத்த இழுத்துப் போடும். நாடகம் ஏதோ நடக்குது போல."

மேரிக்குட்டி அடுக்களை வாசலுக்கு வந்தாள். "இஞ்ச பாருங்க, அது..."

"நீ உள்ள போ. ஒரு மலையாளத்தையே சமாளிக்க முடியல்ல."

ரேடியோவைப் பூமிக்குள் இறக்கிவிட்டால் போதும் என்றான் ராஜப்பன். செட்டிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கிணற்றுக்குள் விட்டான். யேசுவடியான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"கிணற்றில் கம்பி இடுந்நு, பிராந்தன்."

"நாடகத்துலயும் ஒரு கிணறும் கிறுக்கனும் வருது, பாத்தீங்களா," என்றான் ராஜப்பன், ஆச்சரியத்தோடு.

அடுத்தது பிஸ்கட் டின். அதை வெட்டிக் கிதாரின் வயிற்றுக்குள் சுற்றிலும் பதித்தான். கொழும்புக் கிதார் இப்போது தகரக் கூரையில் மழை பெய்வது போல ஒலித்தது. குரல் மட்டும் குறையவில்லை. கடைசியாக வில்லையைப் பிடுங்கி, கிதாரின் வாய்க்கு நேராகத் திருப்பி ஒட்டினான்.

"இனி பயமில்ல. திருவனந்தபுரத்துக்கு முதுகக் காட்டித்தான் வச்சிருக்கேன்."

இப்போது ரேடியோக்காரன் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

கஞ்சி கொண்டுவந்த மேரிக்குட்டி இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். "அந்தக் குரல எனக்குத் தெரியும்..."

"தெரியாம என்ன, உங்க ஊரு பாஷையில்லியா," என்றார் யேசுவடியான். அவள் கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கூட்டம் பாறசாலைச் சந்தை மைதானத்தில். யேசுவடியான் மேடை ஓரத்தில், கிதாரை மடியில் வைத்து, தலையைக் கவிழ்த்துக் காத்திருந்தார். வாழ்த்துக்கு முன்னால் தாணுமாலயன் இரண்டே வார்த்தை பேசுவதாகச் சொல்லித் தொடங்கினார். மன்னர் காலத்திலிருந்து தொடங்கினார். ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பெருங்கடவிளைக்கு வந்து சேரும்போது சந்தையில் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருந்தார்கள். அப்போது குழாய் திடீரென்று வாய் திறந்தது.

"வயறு மாத்ரம் உண்டு, புத்தி இல்லா. ஈ பிரசங்கம் எப்போழ் தீரும், தெய்வமே."

மைதானம் முழுக்கச் சிரித்தது. தாணுமாலயன் வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டார்.

யேசுவடியான் துள்ளி எழுந்தார். கிதாரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். "மகாஜனங்களே, இது ரேடியோக்காரன் சதியாக்கும். நம்ம மேடையில, என் கிதாருக்குள்ள புகுந்து, நம்ம தலைவரப் பழிக்கான்."

கூட்டம் காதைத் தீட்டியது. குழாயில் மூச்சே இல்லை.

"பயந்துட்டான்," என்றது ஒரு குரல்.

யேசுவடியான் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது அடியில், "கழுதைகள், தாளம் அறியாத்த கழுதைகள்," என்றது குழாய். கைதட்டிக்கொண்டிருந்த கழுதைகள் கொதித்து எழுந்தன.

அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. விடிந்ததும் புறப்பட்டுத் திருவனந்தபுரம் போய், ரேடியோ நிலையத்தின் முன் உண்ணாவிரதம். தலைமை யேசுவடியான். நாதஸ்வரக்காரருக்கென்று வாங்கிவைத்திருந்த மாலை அவர் கழுத்தில் விழுந்தது. நான்கு தலைமுறையில் அந்தக் குடும்பத்தில் மேடையில் மாலை வாங்கிய முதல் ஆள் அவர்.

விடியற்காலையில் தாணுமாலயனும் ராஜப்பனும் வீட்டுக்கு வந்தார்கள். யேசுவடியான் உண்ணாவிரதத்துக்குப் பலம் சேர்க்கப் புட்டும் பழமும் பிசைந்து தின்றுகொண்டிருந்தார்.

"எட்டு நாளானாலும் சரி," என்றார் தாணுமாலயன். "அந்த ரேடியோ வாய மூடாம நாம பச்சத்தண்ணி குடிக்கப்போறதில்ல."

யேசுவடியானின் வாய் நிறையப் புட்டு. அதனால் இந்த முறை மேரிக்குட்டியை யாரும் தடுக்கவில்லை.

"அந்த ரேடியோவுக்கு முன்னால பட்டினி கெடக்க அவ்வளவு தூரம் எதுக்குப் போணும்," என்றாள் அவள், இன்னொரு கட்டிப் புட்டை அவர் தட்டில் வைத்தபடி. "கல்யாணம் ஆன நாள்லேருந்து, தன்னையறியாம முணுமுணுக்குத அதுக்குச் சோறு போட்டு மீசையத் தொடச்சு விடுதது நானாக்கும்."