உத்தரவை மீறச் சொல்லி ஒரு தந்தி

தார்க் கொட்டகை, கராச்சர்மா ரோடு,
போர்ட் பிளேர்,
14-7-1971, புதன்.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் சிவஞானம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் நலம், தங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எழுதினால் பொய். நான் நலமில்லை. சுசீலா நலமாக இருக்கிறாள் என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பக்கத்து வீட்டம்மா கத்திச் சொன்ன தகவல்தான் என்னிடம் இருக்கிறது. தங்கள் மூட்டுவலி தேவலையா? தாளில் புகை நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம். இங்கிருந்து போகும் கடிதங்களை வேப்பிலைப் புகையில் காட்டித்தான் தபாலில் சேர்க்கிறார்கள். நேற்றுத் தங்களுக்குத் தந்தி அடிக்கப் படிவம் எழுதிக் கொடுத்தேன். அதையும் புகையில் காட்டினார்கள். மெல்லிசுத் தாள், பற்றிக்கொண்டது. "ஜல் கயா" என்று சாம்பலை ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். இரண்டாவது படிவம் கிடையாதாம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நான் எந்தக் குற்றமும் செய்யாமல் நான்கு நாளாகப் போலீஸ் காவலில் இருக்கிறேன். தங்கள் மகளுக்குப் பிரசவத்துக்கு டாக்டர் குறித்த நாள் இன்னும் ஒன்பது நாளில். அவள் வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள், ஏனென்றால் போலீஸ் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. தங்களால் ஆகவேண்டியது ஒரே ஒரு தந்தி. அது என்ன என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் தந்தியை மட்டும் கேட்டால், முப்பத்தோரு வருடம் ஏட்டாக இருந்தவர் தாங்கள், மருமகன் எதையோ மறைக்கிறான் என்றுதான் தோன்றும்.

போன மாதம் கல்கத்தாக் கப்பலோடு கண்நோய் வந்து இறங்கியது. நாம் மெட்ராஸ் ஐ என்போமே, அதேதான். சாகிற நோய் இல்லை. ஒரு வாரம் கண் சிவந்து, பீளை தள்ளி, தானாகப் போகும். இதற்கு வேண்டியது கை கழுவ சோப்பும் ஆளுக்கொரு துண்டும். வந்தது போலீஸ். கராச்சர்மாவிலிருந்து டவுனுக்குப் போகிற பஸ்ஸை மூங்கில் கட்டி நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, வரிசையில் விட்டுக் கண்ணைப் பார்ப்பது. சிவந்திருந்தால் கொட்டகையில் அடைப்பது. அவன் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டுவது. அந்த வீட்டார் பதினான்கு நாள் படி தாண்டக் கூடாது. வயல் வழியாகச் சுற்றிப் போகப் பார்த்த ஒரு கிழவருக்குக் கெண்டைக்காலில் லத்தியடி. மீன்காரி நிற்காமல் போனாள் என்று கூடையைக் கவிழ்த்தார்கள். கண்நோய்க்கும் கெண்டைக்காலுக்கும் என்ன சம்பந்தம், மீனுக்கு என்ன சம்பந்தம் என்று தங்கள் சர்வீஸ் அனுபவத்தில் தெரிந்தால் எழுதவும். இதனால் என்ன ஆயிற்று என்றால், உண்மையாகவே கண் வலி உள்ளவன் ஒருத்தனும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. மருந்துக்குப் போனவனையே பிடித்தால் அடுத்தவன் எதற்குப் போவான்? டவுன் கடைகளில் கறுப்புக் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை.

எங்கள் பவர் ஹவுஸ் வெல்டர் பன்னீர்செல்வத்தை வெள்ளிக்கிழமை பிடித்தார்கள். வெல்டர் கண் எப்போது வெள்ளையாக இருந்திருக்கிறது? சனிக்கிழமை டீசல் இன்ஜினின் புகைக் குழாய்த் தாங்கி விட்டுப்போயிற்று. வெல்டர் இல்லை, இன்ஜினை நிறுத்தினால் பாதி ஊருக்கு விளக்கு இல்லை. டிப்ளமா வாங்கியவன் நான் எதற்கு இருக்கிறேன் என்று நானே வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தேன். முகக் கவசத்தில் கண்ணாடி விரிசல். விரிசல் என்று தெரிந்துதான் பிடித்தேன், அதை மறைக்கவில்லை. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும், சிவக்கும், இரண்டு நாளில் ஆறிவிடும், யாருக்கும் ஒட்டாது. இது எந்த வொர்க்‌ஷாப் பையனுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிஃப்டுக்கு அந்தக் கண்ணோடு பஸ் ஏறினேன்.

மூங்கில் தடுப்புச் சாவடியில் நின்றவர் கான்ஸ்டபிள் குழந்தைவேலு. பரமக்குடிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து பதினைந்து வருடம், தமிழில் ஆரம்பித்தால் இந்தியில் முடிப்பார். அவர் சோதிக்கிற முறையைக் கேளுங்கள். வலது கைக் கட்டை விரலால் ஒருவன் கீழிமையை இழுத்துப் பார்ப்பார், விரலைக் காக்கி நிக்கரில் ஒரு தேய், உடனே அடுத்தவன் இமை. சோப்பு இல்லை, தண்ணீர் இல்லை. அந்த நோய் தன் காலால் நடந்து பரவினால் ஒரு மாதம் ஆகும். இவர் விரலில் ஏறிப் போனால் ஒரு பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். என் முறை முப்பத்தொன்பது.

"ஆங்க் திகாவ்" என்று விரலை நீட்டினார்.

"கண்ணைக் காட்டறேன். முதல்ல கையைக் கழுவுங்க."

"க்யா?"

"முப்பத்தெட்டுப் பேர் கண்ணுல வெச்ச விரலுங்க அது."

"அரே, தமிழாளா நீ? தமிழாளா இருந்துக்கிட்டு எனக்கே சட்டம் கானூன் சொல்றியா? நான் யாரு கண்ணுலப்பா வெச்சேன்? இமையிலதான வெச்சேன்!" என்று சொல்லிக்கொண்டே என் இமையை இழுத்துவிட்டார். "அடேயப்பா!"

"இது வெல்டிங் கண். நோய் இல்ல. எவ்வளவு சிவந்தா நோய்னு உங்களுக்கு ஒரு அளவு வேண்டாமா?"

"இருக்கே. ரோஸ்னா விட்டுருவேன். தக்காளின்னா அந்தர், உள்ள."

"நான்?"

"நீ பீட்ரூட்டுடா தம்பி. சலோ."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இருபது பேர் சிரித்தார்கள். நான் வாதாடினேன். வாதாட வாதாடக் கண் இன்னும் சிவக்கும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மாமா, நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்புப் பண்ணாதவன் போலீஸைப் பாத்து எதுக்குப்பா ஒதுங்கணும்?" என்று சொன்னீர்கள். நான் ஒதுங்கவில்லை. அதனால்தான் உள்ளே இருக்கிறேன்.

அடைத்திருப்பது ரோடு போடும் தார்ப் பீப்பாய்கள் வைக்கும் கொட்டகை. தகரக் கூரை. வெயில் ஏறினால் தார் உருகி, அதன் ஆவி கண்ணைக் கரிக்கும். மூன்று நாள் தொடர்ந்து கண் வெள்ளையாக இருந்தால்தான் விடுவார்கள். தார் ஆவியில் யார் கண் மூன்று நாள் வெள்ளையாக இருக்கும்? எனக்கு அடுத்த பாயில் நாகூர் கனி அண்ணன். மளிகைக் கடை, எங்கள் பக்கத்து வீடு. கப்பலில் வந்த மிளகாய் வற்றல் மூட்டையை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவரைப் பிடித்துவிட்டார்கள். "மொளகா எரிச்சல் எனக்கு அன்னைக்கே போயிருச்சு தம்பி. இப்ப எரியிறது தாரு. தாரை அரஸ்ட் பண்ணச் சொல்லு" என்கிறார். மற்ற நேரமெல்லாம் இந்த நோய் மெட்ராஸ் நோயா வங்காள நோயா என்று கொட்டகைக்குள் சண்டை.

இனி சுசீலா. ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் சிவப்புத் துணி கட்ட வந்திருக்கிறார்கள். வந்தவர்களிடம் துணி இல்லை. வேறு யாராக இருந்தாலும் துணி கொண்டு வந்து கட்டிக்கொள் என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். தங்கள் மகள் தன் ரவிக்கைத் துணியில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்து, அவர்களுக்குக் காபியும் கொடுத்து, கட்டும்போது இன்னும் கொஞ்சம் மேலே கட்டினால் ரோட்டிலிருந்து தெரியும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறாள். நாகூர் கனி அண்ணன் வீட்டிலும் ஒரு துணி கட்டினார்கள். அவர் மனைவி பஷீரா அக்கா அன்றைக்கே அவிழ்த்துவிட்டார். கேட்டதற்கு, "அது எங்க வீட்டு மனுசனோட துண்டு. துவைக்க வேணாமா?" என்றாராம். அவர்தான் தினம் மதியம் புருஷனுக்கும் எனக்கும் சோறு கொண்டு வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கிற சுண்ணாம்புக் கோட்டில் வைத்துவிட்டு, அங்கிருந்தே கத்துவார்.

"தம்பி! நான் சொல்லிப் பாத்துட்டேன்! 'வா புள்ள, ஜீப்பு சொல்றேன், இப்பவே போய் ஆஸ்பத்திரில படுத்துக்க'ன்னு! 'பதினாலு நாள் ஆகலையே அக்கா'ங்குறா!"

"வலி வந்தா என்ன பண்ணுவாளாம்?"

"வலி வந்தா போலீஸ்ல எழுத்துல பர்மிஷன் கேப்பாளாம்!"

"யாருகிட்ட?"

"எனக்கென்ன தெரியும்! உம் பொண்டாட்டிய நீ கேளு!"

கேட்டேன். சோற்றுத் தூக்கில் வைத்துச் சீட்டு அனுப்பினேன். உத்தரவு முட்டாள்தனம், கிளம்பு என்று எழுதினேன். பதில் வந்தது: "நீங்கள் கோபத்தில் எழுதுகிறீர்கள். அப்பா ஊரடங்கு போட்டபோது சொந்தச் சித்தப்பாவையே திருப்பி அனுப்பினவர். நான் தாண்டினால் அவருக்குத் தலைகுனிவு. புளியோதரையில் கடலை தூக்கலாக இருந்ததா?" மாமா, இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் இல்லை. தலைப்பிரசவம். மே மாதக் கப்பலில் திண்டுக்கல்லுக்கு அனுப்பியிருக்க வேண்டும். கடல் ஆட்டத்துக்குப் பயந்து அனுப்பாதவன் நான், அத்தை திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். கராச்சர்மாவிலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து மைல், நடுவில் மூங்கில் தடுப்பு. இன்ஜினில் கோளாறு என்றால் எங்கே கழற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதில் எதைக் கழற்றுவது என்று தெரியவில்லை. என் பேச்சை அவள் கேட்க மாட்டாள், டாக்டர் பேச்சைக் கேட்க மாட்டாள். போலீஸ் பேச்சைத்தான் கேட்பாள்.

ஆகவே கீழ்க்கண்டபடி தந்தி அடிக்கவும்: "சுசீலா. உத்தரவை மீறு. உடனே ஆஸ்பத்திரி போ. ஏட்டு பழனிசாமி." அப்பா என்று போட வேண்டாம், ஏட்டு என்றே போடவும். வெள்ளிக்கிழமை விமானத்தில் இந்தக் கடிதம் கல்கத்தா போய், அங்கிருந்து திங்களோ செவ்வாயோ தங்கள் கையில் சேரும். தந்தி அன்றைக்கே வந்தால் கணக்கு இடிக்காது. தங்கள் கொள்கைக்கு விரோதம் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். தங்களுடைய பழைய மேலதிகாரிகள் யாருக்காவது இங்கே செல்வாக்கு இருந்தால், இது வெல்டிங் கண்தான், நோய் இல்லை, உடனே விட வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லவும்.

அத்தைக்கு என் வணக்கம். இருவர் ஆசியும் எங்களுக்கு வேண்டும். ஆசிக்கு முன்னால் தந்தி வேண்டும்.

தங்கள் அன்புள்ள மருமகன்,
சிவஞானம்.

பின்குறிப்பு: வெள்ளி காலை. மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தந்தி வேண்டாம், சிபாரிசு வேண்டாம். வேறு கடிதம் எழுதத் தாள் இல்லை, அதனால் இதிலேயே எழுதுகிறேன். நேற்று விடியற்காலை சுசீலாவுக்கு வலி கண்டுவிட்டது. பர்மிஷன் வாங்கி வரச் சொல்லிப் பஷீரா அக்காவைச் சாவடிக்கு அனுப்பியிருக்கிறாள். குழந்தைவேலு, வந்து நின்ற காய்கறி லாரியில் இருந்தவர்களை இறக்கிவிட்டு, பூசணிக்காயை ரோட்டோரம் தள்ளிவிட்டு, லாரியோடு வீட்டு வாசலில் போய் நின்றாராம். தங்கள் மகள் அந்த வலியிலும், "எழுத்துல ஆர்டர் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "நான்தாம்மா ஆர்டர், ஏறு!" என்று அதட்டினாராம். உடனே ஏறிவிட்டாள். பத்தரை மணிக்குப் பெண் குழந்தை. ஆறு பவுண்டு. இருவரும் சுகம்.

மத்தியானம் அவரே வந்து கொட்டகைப் பூட்டைத் திறந்து, "ஜா தம்பி, போய்ப் பாத்துட்டு வா. நான் பாக்கலை" என்றார். நான் போகவில்லை. நேற்றுக் காலை எழுந்தபோது என் இமைகள் பீளையில் ஒட்டிக்கொண்டிருந்தன, ஈரத் துணி வைத்துத்தான் திறந்தேன். வெல்டிங் கண்ணில் இமை ஒட்டாது. எனக்கு வந்திருப்பது நோய்தான். அந்த விரலால் வந்ததா, கொட்டகையில் வந்ததா, முன்பே இருந்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. இந்தக் கண்ணோடு பிறந்து இரண்டு மணி நேரமான குழந்தைக்குப் பக்கத்தில் போக மாட்டேன் என்றேன். குழந்தைவேலு கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தார். "பதினஞ்சு வருஷப் போலீஸ் நௌக்ரில தொறந்து விட்டும் போவாத கைதிய இப்பத்தான் பாக்கறேன். லத்தியால அடிச்சு வெளிய தள்ளட்டுமா?" என்றார். பிறகு பூட்டாமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து விடுவார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் சுண்ணாம்புக் கோட்டில் நின்று குழந்தையைத் தூக்கிக் காட்டுவதாகச் சுசீலா சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவ்வளவு தூரத்தில் எனக்கு இப்போது எதுவும் உருவாகத் தெரிவதில்லை, எல்லாம் கலங்கல்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. வரச் சொல்லியிருக்கிறேன்.