ஆல்டோ பாடுகிறவளுக்குப் பரலோகத்தில் இடம் உண்டா

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணனுக்கு,

உங்கள் தங்கை ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் தையல் மிஷினும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் சபையாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். சபை என்று எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான், வேறொன்றும் இல்லை.

நீங்கள் போதகர், அதனால் நேராகக் கேட்கிறேன். எந்தச் சபையிலும் அங்கத்தினராக இல்லாத ஒருத்திக்கு ரட்சிப்பு உண்டா, இல்லையா? உண்டு என்றால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், நிம்மதியாக இருப்பேன். இல்லை என்றால் கொஞ்சம் சுற்றி வளைத்து மெதுவாகச் சொல்லுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் பாடகர் குழுவுக்குப் புதிதாக ஒரு மாஸ்டர் வந்திருக்கிறார். காதில் செருகிய பென்சிலை எடுத்து ஆட்டித்தான் பாட்டை நடத்துவார், அதனால் அவருக்குப் பென்சில் என்றே பேர் வைத்துவிட்டோம். நான் அந்தக் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆல்டோ பாடுகிறவள், எல்லாரும் பாடும் மெட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு போகும் இரண்டாங்குரல். ஒருநாள் பயிற்சி நடுவில் பென்சிலை என் பக்கம் நீட்டி, "அக்கா, இந்தப் பாட்டுக்கு மட்டும் நீங்க வாயை அசைச்சா போதும், சத்தம் வேண்டாம்" என்கிறார். அத்தனை பேர் முன்னால். "வாயை மட்டும் அசைக்கணும்னா தொட்டியில மீன் வளர்த்துக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்த வேகத்தில் உங்கள் மாப்பிள்ளையிடம், "ஞாயித்துக்கிழமை போதகரைப் பார்த்து என் பேரைச் சபையிலேர்ந்து எடுத்துடச் சொல்லுங்க" என்றும் சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார்.

இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் எந்தச் சபையில் அங்கத்தினர், அண்ணா? எந்தப் பயிற்சிக்கு நேரத்துக்கு வந்தான்? அவனுக்கே பரலோகக் கதவு திறந்ததே. என் ரட்சிப்பு எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம், நடுவில் பென்சிலுக்கு என்ன வேலை என்று வீட்டிலேயே ஆராதனை வைத்துக்கொண்டேன். அது நினைத்த மாதிரி போகவில்லை. உங்கள் மாப்பிள்ளை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஒன்றுமே நடக்காதது போல ஆராதனைக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் ஹாலில் தனியாக நின்று பாட ஆரம்பித்தேன். இத்தனை வருஷமும் ஆல்டோ மட்டுமே பாடியவளுக்கு மெட்டு எப்படி வரும்? எந்தப் பாட்டை எடுத்தாலும் கீழ்க்குரல்தான் வருகிறது. கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, "யாராவது தவறிட்டாங்களாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரசங்கத்தையும் நானே எனக்குச் செய்தேன், ரொம்பக் கண்டிப்பாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது, பாதியில் எழுந்து போய்விடலாமா என்று எனக்கே தோன்றியது. திருவிருந்துக்கென்று திராட்சை ரசம் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்தால், வெயிலில் வந்த உங்கள் மாப்பிள்ளை நின்றபடியே அதைக் குடித்து முடித்து, "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்கிறார். சரி, வேறு சபையாவது பார்ப்போம் என்று பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பெரிய சபைக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் சிரித்து, "முதல் தடவையா வர்றீங்களா?" என்றாள். அடுத்த வாரமும் அதே பெண், அதே சிரிப்பு, அதே கேள்வி.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேரை எடுக்கச் சொல்லியனுப்பிய பிறகு ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏன் என்று கேட்டு வந்தார்களா? கூடப் பாடினவளுக பாதிப் பேருக்குக் கல்யாண ரவிக்கை தைத்ததே நான்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன், பால்காரர்தான் நிற்கிறார். ஒழிந்தாள் என்று விட்டுவிட்டார்கள் அண்ணா. கூட நின்று பாடினவர்களுக்கே நான் வேண்டாதவள் என்றால் ஆண்டவருக்கு மட்டும் வேண்டியவளா என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும். ஆண்டவர் உங்கள் ஊழியத்தையும் முழங்கால் வலியையும் ஒருசேர நினைத்தருளட்டும். அங்கத்தினர் அல்லாதவர்களுக்காக ஜெபிக்க உங்கள் சபையில் இடமிருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
எந்தச் சபையையும் சேராத உங்கள் தங்கை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் ஏகப்பட்ட செருப்புச் சத்தம். உங்கள் மாப்பிள்ளை ஓடி வந்து, "சட்டுனு படு, ஒண்ணும் கேக்காதே" என்று என்னைக் கட்டிலில் தள்ளிப் போர்வையால் மூடினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. இந்த மனுஷர் போதகரிடம் வாயே திறக்கவில்லை. எல்லாரும் விசாரித்தபோது வெட்கப்பட்டுக்கொண்டு, எனக்கு உடம்பு சரியில்லை, தொற்று வியாதி, யாரும் பார்க்க வரக்கூடாது என்று அளந்துவிட்டிருக்கிறார். அவர்கள் வாரந்தவறாமல் என் பேரைச் சொல்லி ஜெபித்திருக்கிறார்கள். இன்றைக்கு, தொற்றினால் தொற்றட்டும் என்று மொத்தக் குழுவும் பென்சிலோடு வந்துவிட்டது.

கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். நான் கண்ணை மூடி நோயாளி மாதிரித்தான் கிடந்தேன். ஆனால் அண்ணா, பாட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் மெட்டு மேலே தொங்குகிறது. எனக்குத் தாங்கவில்லை. போர்வைக்குள்ளிருந்தே முழுச் சத்தத்தில் ஆல்டோவை எடுத்துவிட்டேன். பென்சில் கையை நிறுத்தவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட்டினார். "இதுதான்க்கா இத்தனை வாரமா காணாமப் போயிருந்துச்சு" என்றார். நான் அழுதேன், எல்லாரும் அழுதார்கள். தனியாக ரட்சிக்கப்படலாம் அண்ணா, அதில் எனக்குச் சந்தேகமில்லை. தனியாக ஆல்டோ பாட முடியாது.

ஆகவே மேலே கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டாம். வேறொன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. ஜெபம் கேட்கப்பட்டு நான் குணமடைந்ததைப் பற்றி வரும் ஞாயிறு சபை முன்னால் சாட்சி சொல்ல வேண்டுமாம். என்ன வியாதி என்று உங்கள் மாப்பிள்ளைக்கே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் மானம் போகும், பொய் சொன்னால் என் ரட்சிப்பு போகுமா? உடனே எழுதுங்கள்.