வேதாந்தத்தின் பல்வலி

"எந்தப் பல்லுன்னு கேக்கறேன், வாயைத் திறங்கோ!" டார்ச் லைட்டும் கையுமாக நின்றாள் சூடாமணி.

வேதாந்தம் திறந்தார். அறுபத்தாறு வயதிலும் முப்பத்திரண்டும் கபாலி கோயில் கோபுரத்துப் பொம்மைகள் மாதிரி வரிசையாக நின்றன. கோளாறு பல்லில் இல்லை, ப்ராஸ்டேட்டில். நாளைக் காலை ஊசியால் சதை கிள்ளி, புற்றா என்று பார்க்கப் போகிறார்கள். ஊசி போகிற வழி, பின்வழி. அதை நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனைவியிடம்கூட எந்த வாயால் சொல்வது? 'பல் பிடுங்கணும்' என்றுவிட்டார்.

"அந்த இடத்துல கோடிக்கணக்குல கிருமி சார். ரத்தத்துல கலந்தா ஆபத்து. முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஆன்டிபயாடிக், காலைல ஒண்ணு. போடலைன்னா ஊசி கிடையாது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மயிலாப்பூரில் வாங்கினால் நாலு மாடவீதிக்கும் தெரிந்துவிடும் என்று 12பி பஸ் ஏறி, பாண்டி பஜார் போய் இரண்டு மாத்திரை வாங்கி வந்திருந்தார்.

சூடாமணி கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து நல்ல பல்லில் அழுத்தினாள். அவர் கண்ணில் வந்த தண்ணீரில் தெப்பமே விடலாம்.

"ஐயோ, போதும்! வலி போயே போயிடுத்து!"

பார்க்கில் அவரோடு தினம் நடக்கும் ராகவேந்திரன், இடது கன்னத்தைப் பிடித்தபடி அப்போதுதான் உள்ளே வந்தார்.

"என்ன ஓய், உமக்குப் பல்வலின்னு பால் பூத்துல உம்ம ஆத்துக்காரி சொன்னாளே! எனக்கும் ரெண்டு நாளா பிராணன் போறது. என்ன மாத்திரை?" மேஜைமேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து மூக்கருகே வைத்துப் படித்தார். முகம் கல்யாண மண்டபம் போலப் பிரகாசித்தது.

"நீங்களே எடுத்துண்டு போங்கோ. இவருக்குத்தான் சரியாயிடுத்தே" என்றாள் சூடாமணி.

"அது... நாளைக்கு... எனக்கு..."

"வலி போயிடுத்துன்னேளே, பொய்யா?"

வேதாந்தம் முப்பத்திரண்டையும் மூடிக்கொண்டார். ராகவேந்திரன் வலது கன்னத்தைப் பிடித்தபடி விடைபெற்றார்.

தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினார் வேதாந்தம். பக்கத்து எஸ்.டி.டி. பூத் வாசலில் பார்க் கோஷ்டி முழுவதும் நின்றது. "என்ன சார் வேணும்?" என்று கடைக்காரர் உரக்கக் கேட்டதும், பேரன் பேத்தி இல்லாத வீட்டுக்கு ஒரு பாட்டில் கிரைப் வாட்டர் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

காலையில், ராயப்பேட்டை கிளினிக்கில் நர்ஸ் ரூபீனா கேட்டாள். "மாத்திரை ரெண்டும் போட்டீங்களா சார்?"

வேதாந்தம் தரையைப் பார்த்தபடி, கிரைப் வாட்டர் வரை அத்தனையும் ஒப்பித்தார்.

"அப்ப இன்னிக்குக் கிடையாது. அடுத்த வாரம் வாங்க."

"இன்னும் ஒரு வாரம், புற்றா இல்லையான்னு தெரியாமலேயா அம்மா?"

ரூபீனா இரங்கினாள். "இதுல இன்னா சார் வெக்கம்? உள்ள ஊசி போட்டுக்கினு கீறாரே, அவரும் உங்கள மாதிரிதான். மருந்துச் சீட்டைத் தொலைச்சிட்டு, கடையில கேக்க வெக்கப்பட்டு, நேத்து சாயங்காலம் வரைக்கும் மாத்திரை இல்லாம தவிச்சாராம். நல்ல வேளை, பார்க்குல கூட நடக்கறவரு ஒருத்தருக்குப் பல்வலி வந்துச்சாம்!"