வாங்கில் இருந்த புருஷன்

"நாலு பேரு போதாதாங்க ஐயா? நாலு பேருமே நல்ல மனுசங்க."

"போதாது பிள்ளை. நொத்தாரிஸ் இல்லாமல் மரண சாசனம் எழுதிறதெண்டால் அஞ்சு சாட்சி வேணும். அஞ்சு பேரும் ஒரே நேரத்தில இங்க நிண்டு, உங்களுக்கு முன்னாலயே கையெழுத்து வைக்க வேணும்."

கனகசபை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளை நீதிமன்றத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வந்த நாளிலிருந்து யாருக்காவது சட்டம் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

பாக்கியலெட்சுமிக்கோ பரபரப்பில் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து, பதுளைக் கடைவீதியில் சொந்தமாகத் தையல் கடை போட்டவள். புருஷன் மாரிசாமி கரும்புத் தோட்டத்தில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி மொனராகலைக்கு பஸ் ஏறிப் பல வருடமாகிறது. ஆள் திரும்பவில்லை, சேதிதான் வந்தது. அங்கே லீலாதேவி என்று ஒருத்தி சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாளாம், மாரிசாமி அந்தக் கடையே கதி என்று கிடக்கிறானாம்.

அழுது முடித்துவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவளைப் போன மாதம் ஒரு சாவு உலுக்கிவிட்டது. ஸ்பிரிங்வெளியில் இவள் சிநேகிதி செத்துப்போனாள். எப்போதோ விட்டுப்போன அவள் புருஷன் எங்கிருந்தோ ஓடிவந்து, எல்லாரையும்விடச் சத்தமாக அழுது, காரியம் முடிந்த கையோடு அவள் வீட்டை விற்றுவிட்டுப் போனான்.

அன்றே பாக்கியலெட்சுமி முடிவெடுத்தாள். கடை, அக்கா மகள் ஆர்த்திகாவுக்கு. மாரிசாமியோடு இருந்த பந்தம் நீதிமன்றத்தில் வெட்டு.

"சாசனம் எழுதினாலே கடை தப்பீடும், பிள்ளை. விவாகரத்து என்னத்துக்கு?"

"என் சாவு நோட்டீசுல 'மாரிசாமியின் அன்பு மனைவி'ன்னு போடுவாங்கய்யா. அத நெனச்சா எனக்குச் சாகவே புடிக்கல."

சட்டத்தரணி இரண்டுக்குமாகக் கேட்ட தொகையில் புதுத் தையல் மெஷினே வாங்கலாம். அதனால்தான் கனகசபை.

ஐந்தாவது சாட்சி எங்கே? பக்கத்துப் புடைவைக்கடை காமில் நானா, அவர் மனைவி லரீபா, கனகசபை, பாக்கியலெட்சுமி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஸுபைரா என நாலு பேர் வேலையைப் போட்டுவிட்டு நிற்கிறார்கள். அப்போது கடைக்குள் தொங்கும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, என் களிசான் தைச்சாச்சா? பஸ்ஸு கெளம்பப் போவுது!"

மொனராகலை பஸ் கண்டக்டர் கிஷாந்தன். மிதிபலகையில் தாவி ஏறியபோது களிசான் பின்பக்கம் கிழிந்து, தைத்துத் தரும்வரை உள்ளே நிற்கிறான்.

"வாங்க தம்பி வெளியில! ஒரு கையெழுத்து போடுங்க!"

"எப்படிக்கா வர்றது?"

காமில் நானா ஓடிப்போய்த் தன் கடையிலிருந்து புதுச் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து திரைக்குள் வீசினார். தெருவில் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்திருந்தார். விலைச்சீட்டு தொங்கும் சாரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு கிஷாந்தன் வந்து கையெழுத்துப் போட்டான்.

"இது என்னாக்கா?"

"மரண சாசனம். தம்பி, ஒரு ஒதவி. மொனராகலையில மாரிசாமின்னு ஒரு ஆளு. விலாசம் வேணும். கோட்டுல இருந்து…"

ஹாரன் சத்தம் மீதியை விழுங்கியது. கிஷாந்தன் அவள் நீட்டிய களிசானைப் பாதி போட்டபடி பஸ்ஸைத் துரத்தினான். அவன் மொனராகலைக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு சொல்லைத்தான். சாசனத்தை வழியில் எங்கோ இறக்கிவிட்டு, மரணத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டு சேர்த்தான்.

மறுநாள் காலை, பாக்கியம் சாசனம் எழுதிவிட்டாளாம் என்ற கடைவீதிப் பேச்சைக் கேட்டு, ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு வேன் நிறைய சனம் வந்து இறங்கியது. பாக்கியலெட்சுமி ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க! பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்!"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அணையப் போறப்ப இப்படித்தான் பளிச்சுனு எரியும்," என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார்.

அவர்களைத் தேநீர் கொடுத்து அனுப்பி வைப்பதற்குள் மொனராகலை பஸ் வந்தது. அதிலிருந்து மலர்வளையம் ஒன்று இறங்கியது. அதற்குப் பின்னால் மாரிசாமி இறங்கினான்.

"பாக்கியம்! என்னய விட்டுட்டுப் போயிட்டியே!"

"நீதான்யா விட்டுட்டுப் போன!"

மாரிசாமி நிமிர்ந்து பார்த்தான். பிணம் கத்தரிக்கோலோடு நின்றது. மலர்வளையத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"எறங்குய்யா என் படியை விட்டு!"

"பிள்ளை, துரத்தாதேங்கோ!" கனகசபை தெருவைக் கடந்து ஓடிவந்தார். "இவர் உங்களைக் கைவிட்டுப் போனவர் எண்டதுதான் எங்கட வழக்கே. நீங்கள் துரத்தினால், 'திரும்பி வந்தன், இவதான் அடிச்சுக் கலைச்சவ' எண்டு சொல்லுவார்!"

"அப்ப உள்ள வாய்யா, ஒக்காரு!"

"ஐயோ, உள்ளயும் விடாதேங்கோ! மன்னிச்சு ஏத்துக்கொண்டதா ஆகீடும்!"

"தொரத்தவும் கூடாது, சேக்கவும் கூடாதுன்னா என்னதான் பண்றது?"

கனகசபை வாசலில் ஒரு மர வாங்கைப் போட்டார். உள்ளேயுமில்லை, வெளியேயுமில்லை. மாரிசாமி அதில் உட்கார்ந்தான்.

வெறுமனே உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற காலம், வாசலில் கூட்டம். மாரிசாமி ஒவ்வொருவரையும் கும்பிட்டு, "வாங்கம்மா, வாங்க! நம்ம கடைதான்!" என்று உபசரித்தான். அளவு எடுக்கும்போது அழுத குழந்தைகளுக்குக் காக்காய் போலக் கத்திக் காட்டினான்.

"ஒங்க வீட்டுக்காரரா? தங்கமான மனுசன்," என்றாள் ஒரு தாய்.

பாக்கியலெட்சுமி ஊசியைத் தன் விரலிலேயே ஏற்றிக்கொண்டாள்.

இரவுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய்விட்டு, காலையில் கடை திறக்குமுன்பே வாங்கில் வந்து உட்கார்ந்துவிடுவான். இப்படியே சில நாள் போனது. கனகசபையின் முகம் இருண்டது.

"பிள்ளை, நீதிபதி 'உம்மட புருஷன் எங்கே' எண்டு கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?"

"கடை வாசல்லன்னு சொல்லுவேன்."

"கடை வாசல்ல இருக்கிறவர் எப்பிடிக் கைவிட்டுப் போனவர் ஆவார்? வாங்கை எங்கட எல்லைக்கு வெளியில தள்ளுங்கோ!"

ஆளோடு சேர்த்து வாங்கைக் காமில் நானாவின் கடை முன்னால் இழுத்துப் போட்டார்கள். அன்று மத்தியானமே நானா சிரித்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, கோவிக்க வாணாம். காலைல இருந்து என்ட கடையில யாவாரம் பறக்குது. இந்த ஆள நானே வேலைக்கு வெச்சுக்கவா?"

இனி தினமும் பக்கத்துக் கடையிலிருந்து அந்தக் குரலைக் கேட்க வேண்டும்! பாக்கியலெட்சுமி மேசையில் ஓங்கி அடித்தாள்.

"ஐயா, இன்னைக்கே கோட்டுக்குப் போறோம். வழக்குத் தாக்கல் பண்றோம். தோத்தாலும் பரவாயில்ல!"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள். அதே நேரம் மொனராகலை பஸ்ஸும் வந்து நின்றது. கிஷாந்தன் மிதிபலகையிலிருந்தே கத்தினான்.

"அக்கா! கவனமா இருங்க! லீலாதேவி வந்திருக்காங்க!"

கடைவீதி அப்படியே நின்றது. காமில் நானா உடைந்துவிடாமல் வாசல் கண்ணாடியை உள்ளே தூக்கி வைத்தார். கனகசபை தந்திக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். வாங்கிலிருந்த மாரிசாமி மட்டும் மீசையை நீவிக்கொண்டு, இரண்டு பெண்கள் தனக்காக அடித்துக்கொள்ளப் போகிற பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பஸ்ஸிலிருந்து ஒரு கட்டையான பெண் இறங்கினாள். வேர்த்து வழிந்தாள். அவள் மாரிசாமி பக்கம் திரும்பவேயில்லை. நேராகப் பாக்கியலெட்சுமியிடம் வந்தாள்.

"வாடி!" என்றாள் பாக்கியலெட்சுமி. "ஒனக்காகத்தான் போய்க்கிட்டிருக்கேன். இந்த ஆள சட்டப்படி வெட்டி விட்டுர்றேன். நீயே வச்சுக்க!"

லீலாதேவி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"அக்கா, கண்டக்டர் தம்பி சொல்லித்தான் ஓடிவந்தேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், அந்த வழக்க மட்டும் போட்டுறாதீங்க. 'மொத சம்சாரம் இருக்குறப்ப ஒன்னய எப்படிய்யா கட்டிக்கிறது'ன்னு சொல்லித்தான் இத்தன வருசமா இந்த ஆளு கிட்டருந்து தப்பிச்சுக்கிட்டு இருக்கேன்!"